தண்ணீரை எண்ணி நடக்கும் வழி: பரந்தன் முதல் கொக்கிளாய் வரை

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து தெற்கே கதிர்காமத்துக்குப் பாதயாத்திரையாக நடந்து போனவர்களிடம் வழியைப் பற்றிக் கேட்டால் பேச்சு நேரே உகந்தைக்கும் குமணைக்கும் யால காட்டுக்கும் போய்விடும். கிழக்கில் ஊருக்கு ஊர் தண்ணீர்ப்பந்தல் இருக்கும், சாப்பாடு இருக்கும், கூட்டமும் சேர்ந்துவிடும். வன்னிப் பகுதி அப்படியில்லை. பரந்தனில் ஏ-9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பியதிலிருந்து கொக்கிளாய் முகத்துவாரம் வரை பத்துப் பதினைந்து பேர் கொண்ட ஒரு குழு தன்பாட்டில் நடக்கலாம். அமைதி வேண்டும் என்பவர்களுக்கு இது நல்ல வழி. அந்த அமைதிக்குக் காரணம் ஆட்கள் ஐதாக இருப்பதுதான். வீடு இல்லாத இடத்தில் கிணறும் இல்லை, நிழல்மரமும் இல்லை, "சாமி, சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று மறிக்கிற அம்மாவும் இல்லை.

ஆகவே இங்கே கிலோமீற்றரை இரண்டாவதாகப் பாருங்கள். குடிக்கக்கூடிய தண்ணீர் எங்கெங்கே என்று முதலில் குறித்து, அதை ஒட்டி நாளைப் பிரியுங்கள். "ஒரு நாளைக்கு 25 கிலோமீற்றர், ஐந்து நாளில் முடிக்கலாம்" என்று கடதாசியில் பிரித்துக்கொண்டு வந்த குழுக்கள் இரண்டாம் நாள் மத்தியானம் வீதியோரத்தில் குந்திக்கொண்டு ஓட்டோவுக்குப் போன் எடுப்பதுதான் வழக்கம்.

நாள் குறித்தல்

பின்னாலிருந்து எண்ண வேண்டும். கதிர்காமக் கொடியேற்றம் எப்போது, உகந்தையிலிருந்து காட்டுப்பாதை எத்தனையாம் திகதி திறக்கிறார்கள் என்று தெரிந்த பிறகே வன்னியில் கால் வைக்கும் நாளை முடிவெடுக்கலாம். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளையில் நின்றுவிட்டு நடக்க வேண்டும் என்பது பலருடைய ஆசை. கண்ணகை அம்மன் பத்தாவதாகத் தங்கிய இடம், அதனால் பத்தாம்பளை, அதுவே வற்றாப்பளை ஆனது என்று சொல்லும் ஊர். நடந்து வருகிறவர்களுக்கு அம்மனும் ஒரு யாத்திரைக்காரி என்ற எண்ணம் ஒட்டிக்கொள்ளும். சிலாவத்தைக் கடலில் எடுத்த தீர்த்தத்தில் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரியும், பிறகு அந்தத் தீர்த்தம் வற்றாப்பளைக்குப் போகும். பொங்கல் திங்கட்கிழமை வரும்.

ஆனால் பொங்கலுக்கும் கதிர்காமக் கொடியேற்றத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு மாறும். சில ஆண்டுகளில் ஆறேழு கிழமை இருக்கும். சில ஆண்டுகளில் பொங்கல் முடிந்து வெளிக்கிட்டால் நடந்து போய்க் கொடியேற்றத்தைப் பிடிக்கவே முடியாது. போன வருடம் சரியாக இருந்தது என்பதற்காக இந்த வருடமும் அதே கணக்கில் இறங்காதீர்கள். இரண்டு திகதிகளையும் பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டுக் கோயில்களிலும் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

இன்னொன்று: அமைதி தேடி வருபவர்கள் பொங்கல் நாளுக்கு முன்பின் இரண்டு நாட்கள் வற்றாப்பளையில் தங்குவதற்கு இடம் எதிர்பார்க்க வேண்டாம். அந்த நேரம் வீதி நிறைய வாகனம், காவடி, தூக்குக்காவடி, சனம். கும்பிட்டுவிட்டு முள்ளியவளைப் பக்கம் விலகிப் படுப்பது நல்லது. மே 18ஐ ஒட்டி முள்ளிவாய்க்கால் பக்கம் நடப்பவர்கள் அது போரில் இறந்தவர்களை அங்கே நினைவுகூரும் நாள் என்பதை மனதில் வைத்து, பறையும் பாட்டும் இல்லாமல் அடக்கமாகக் கடக்க வேண்டும். வழியில் கஞ்சி கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள்.

எந்த வழி

வற்றாப்பளைக்கு வர மூன்று தெரிவுகள் உண்டு.

முதலாவது பரந்தன் – முல்லைத்தீவு வீதி, ஏ-35. முழு நீளம் 50 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று ஊர்கள் தொடர்ந்து வரும். தண்ணீர், கடை, மருந்து எல்லாம் இருக்கும். முதல் தடவை வருபவர்களும் வயதானவர்களும் உள்ள குழுவுக்கு இதுதான் பொருத்தம். குறை என்னவென்றால் தார் வீதி, வாகனம், வெயில். புதுக்குடியிருப்பிலிருந்து கேப்பாப்பிலவு ஊடாக வற்றாப்பளைக்குக் குறுக்காக ஒரு வழி உண்டு. அது படைமுகாம்களை ஒட்டிப் போவதால் நடந்து போக விடுகிறார்களா என்று அந்தக் கிழமையே ஊராட்களிடம் கேளுங்கள். போன மாதம் போனவர் சொன்னதை வைத்துப் போக வேண்டாம்.

இரண்டாவது மாங்குளம் – முல்லைத்தீவு வீதி, ஏ-34. இதுவும் கிட்டத்தட்ட 50 கிலோமீற்றர். எங்கள் பார்வையில் மூன்றிலும் அழகானது இது. ஒலுமடு, கரிப்பட்டமுறிப்பு தாண்டினால் இரண்டு பக்கமும் பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற காடு. காலையில் நிழல் வீதிக்கு மேலேயே விழும். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர். குரக்கன் அரிவி வெட்டிய ஒட்டுக்குத் தீ வைத்த இடத்தில் இலிங்கம் தோன்றியதால் ஊருக்கு அந்தப் பெயர் என்பார்கள். பக்கத்தில் கற்சிலைமடு, 1803 ஒக்டோபர் 31இல் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்டதைச் சொல்லும் கல் நடப்பட்ட இடம். தோற்றதைச் சொல்ல வெள்ளைக்காரன் நட்ட கல் அது. ஊர் அதைக் கும்பிடும் இடமாக்கிக்கொண்டது. இந்த வழியின் பிரச்சினை யானை. மாங்குளம் – ஒட்டுசுட்டான் காட்டுத்துண்டும் ஒட்டுசுட்டான் – முள்ளியவளைத் துண்டும் யானை குறுக்கறுக்கும் இடங்கள். நடக்கும் நேரம் அதனால் சுருங்கிவிடும்.

மூன்றாவது கரையோரம்: வடமராட்சி கிழக்கு மணலில் இறங்கி, சுண்டிக்குளம் தாண்டி, சாலை, மாத்தளன் வழியாக வருவது. கதையில் கேட்க நன்றாக இருக்கும். நடக்கும்போது மணலில் மணிக்கு 2 கிலோமீற்றர்கூடச் சில இடங்களில் போக முடியாது. நல்ல தண்ணீர்க் கிணறு மிகக் குறைவு, நிழல் அடியோடு இல்லை. சுண்டிக்குளம் தேசியப் பூங்கா, எனவே அனுமதி விசாரிக்க வேண்டும். வாகனம் பின்தொடர முடியாததால் ஒருவருக்கு மயக்கம் வந்தாலும் தூக்கிக்கொண்டுதான் வெளியே வரவேண்டும். ஊராள் ஒருவர் கூட வராமல் இந்த வழியில் இறங்குவது சரியில்லை.

தண்ணீர்

வைகாசி, ஆனி மாதங்களில் வன்னியின் கிழக்குப் பக்கம் கச்சான் காற்று அடிக்கும். மேற்கிலிருந்து காய்ந்து வருகிற சூட்டுக் காற்று. வியர்வை உடம்பில் நிற்காமல் உடனே காய்ந்துவிடுவதால் "எனக்கு அவ்வளவு வியர்க்கவில்லை" என்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் நடப்பார்கள். சட்டையின் முதுகில் வெள்ளையாக உப்புப் படிந்திருப்பதைப் பார்த்தால்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். சரியான சோதனை சிறுநீர்தான். வெளிறிய மஞ்சளாகப் போனால் போதுமான அளவு குடித்திருக்கிறீர்கள். தேத்தண்ணி நிறத்தில் போனால் அன்றைய நடையை அந்த இடத்தோடு நிறுத்துங்கள்.

ஒருவருக்கு நாளொன்றுக்குக் குடிக்க மட்டும் 5 லீற்றர் என்று கணக்கெடுங்கள். சமையலுக்கு 3 லீற்றர். பத்துப் பேருக்கு 80 லீற்றர். அதாவது 20 லீற்றர்க் கான் நான்கு. கையில் ஒருவர் 2 லீற்றர் கொண்டு நடக்க வேண்டும். ஒரு லீற்றர் ஒரு கிலோ என்பதால் அதற்கு மேல் சுமந்தால் தோள் போய்விடும். அரை லீற்றர்ப் போத்தல் நான்காகக் கொண்டுபோவது ஒரு பெரிய போத்தலைவிட நல்லது. ஒன்று உடைந்தாலும் மூன்று மிஞ்சும், எவ்வளவு குடித்தோம் என்றும் தெரியும்.

கரையோரக் கிணறுகளில் கோடையில் சவர் ஏறும். கேட்டால் ஊராட்கள் "குளிக்கலாம், குடிக்கேலாது" என்று நேரே சொல்வார்கள். அவர்கள் குடிக்க எடுக்கும் கிணறு எது என்று கேளுங்கள். சில இடங்களில் அவர்களே வடிகட்டிய தண்ணீரைக் காசுக்கு வாங்குகிறார்கள், அங்கே நீங்களும் வாங்க வேண்டியதுதான். சவர்த்தண்ணீரைக் கொதிக்க வைத்தால் உப்புப் போகாது, இன்னும் கூடும். குளத்துத் தண்ணீரைத் தேற்றாங்கொட்டை உரைத்துத் தெளிய வைக்கும் பழக்கம் பழைய ஆட்களிடம் உண்டு. மண்டி இறங்கும், கிருமி சாகாது. தெளிந்த பிறகும் கொதிக்க வையுங்கள்.

முள்ளியவளையும் தண்ணீரூற்றும் இந்த வழியின் நடு மையம். பெயரே சொல்கிறது, தண்ணீர் நல்லது, மரநிழல் உண்டு, ஊற்றங்கரைப் பிள்ளையார் கோயில் உண்டு. ஒரு முழு நாள் ஓய்வை இங்கே வையுங்கள். உடுப்புத் தோய்க்க, கால் ஆற, கான்களை நிரப்ப இதற்குப் பிறகு இவ்வளவு வசதியான இடம் கொக்கிளாய் வரை இல்லை.

ஜீவனிப் பக்கற் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சீனித் தூள்) ஆளுக்கு ஆறு இருக்கட்டும். ஒரு பக்கற்றை ஒரு லீற்றர் தண்ணீரில் முழுவதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பக்கற்றைக் கோப்பைத் தண்ணீரில் தட்டிக் குடிப்பது பிழை. உப்பின் அளவு மாறிவிடும். பக்கற் இல்லாவிட்டால் ஒரு லீற்றருக்குத் தட்டையாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. பிறஷர் உள்ளவர்கள் இதைத் தினமும் குடிக்கலாமா என்று வெளிக்கிட முன்பே தங்கள் டொக்டரிடம் கேட்டு வரவேண்டும்.

நேரமும் யானையும்

ஊர்கள் தொடர்ச்சியாக இருக்கும் துண்டுகளில் வெள்ளன 4 மணிக்கு வெளிக்கிட்டு 9 மணிக்கு நிறுத்துங்கள். பின்னேரம் 4 மணியிலிருந்து 6 மணி வரை இன்னொரு நடை. தார் வீதியில் காலையில் மணிக்கு 4 கிலோமீற்றர் வரும், பின்னேரம் 3. இடையில் நிற்கும் நேரத்தைக் கழித்தால் நாளுக்கு 18 முதல் 22 கிலோமீற்றர் வரை சிரமமில்லாமல் போகலாம். முதல் இரண்டு நாட்களும் 15இல் நிறுத்துங்கள். புது உற்சாகத்தில் முதல் நாள் 28 போன குழுவுக்கு மூன்றாம் நாள் 8 போகாது.

காட்டுத்துண்டுகளில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே நன்றாக வெளிச்சம் வந்த பிறகுதான் கால் வைக்க வேண்டும். அதாவது 6 மணி. பொழுதுபட ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே ஊருக்குள் வந்துவிட வேண்டும். இருட்டில் யானை வீதியில் நின்றால் பத்து மீற்றரில்தான் தெரியும். தெரிந்தவர் முன்னால், பலவீனமானவர் நடுவில், இன்னொரு தெரிந்தவர் கடைசியில் என்று ஒன்றாகப் போங்கள். யானை நின்றால் நூறு மீற்றருக்குக் குறையாமல் தள்ளி நின்று அது போகும்வரை பொறுத்திருங்கள். வெடி கொளுத்துவது, கூக்குரல் போடுவது, ரோச் லைற்றை முகத்துக்கு அடிப்பது, கைத்தொலைபேசியில் படம் பிடிப்பது ஒன்றும் வேண்டாம். கன்றோடு நிற்கும் யானை என்றால் வந்த வழியே திரும்பி, அடுத்து வரும் பஸ்ஸில் அந்தத் துண்டைக் கடப்பது குற்றமில்லை. நேர்த்தி முறிந்துவிடுமோ என்று யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். முருகன் கணக்குப் பார்க்கமாட்டான், யானை பார்க்கும்.

பாலைப்பழக் காலத்தில் கரடியும் உண்டு. பழம் பொறுக்க மரத்தடிக்குப் போகிற ஆசை எல்லோருக்கும் வரும். ஊர்ப்பிள்ளைகள் பையில் போட்டு வீதியோரத்தில் விற்கிறார்கள், வாங்கிச் சாப்பிடுங்கள்.

வீதியை விட்டு இறங்காதீர்கள்

இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போர் முடிந்து இவ்வளவு காலமாகியும் வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை முடிந்துவிட்டதென்று நினைத்து நடக்க முடியாது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். பலகை இல்லாத இடமும் பாதுகாப்பானது என்று பொருளில்லை. சனம் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை, மாட்டுவண்டித் தடம், உழவு மெசின் போன தடம் இவற்றில் மட்டும் நில்லுங்கள். பழைய பங்கர், மண் அணை, துருப்பிடித்த இரும்பு எதையும் தொட வேண்டாம், விறகு பொறுக்கவும் போக வேண்டாம்.

காட்டுக்குள் இன்னொரு ஆபத்து கட்டுத்துவக்கு. பன்றிக்கும் மரைக்கும் மிருகத்தடத்தில் கம்பி கட்டி வைப்பார்கள். முழங்கால் உயரத்தில் வெடிக்கும். வைத்தவருக்கு மட்டுமே இடம் தெரியும்.

இந்த இரண்டாலும் மிகவும் சிக்கலாவது ஒன்றுக்கு இரண்டுக்குப் போகும் விடயம்தான். வெட்கப்படாமல் வெளிக்கிட முன்பே இதைப் பேசிவிட வேண்டும். காட்டுத்துண்டில் நுழைய முன் கடைசி ஊரில் எல்லோரும் முடித்துவிட்டு வரவேண்டும். அப்படியும் தேவைப்பட்டால் வீதிக் கரையிலேயே, நான்கு முழப் படங்கை இரண்டு பேர் மறைப்பாகப் பிடிக்கட்டும். பெண்கள் உள்ள குழுவில் இதைச் சொல்லாமல் விட்டால், அவர்கள் தண்ணீர் குடிக்காமல் நடப்பார்கள். மூன்றாம் நாள் சலக்கடுப்போடு ஆஸ்பத்திரிதான்.

கால்

வெறுங்காலோடு நடப்பது நேர்த்தி என்றால் நடக்கலாம், ஆனால் இரண்டு மாதம் முன்பிருந்தே பழக வேண்டும். கிழமைக்கு மூன்று நாள் கிறவல் வீதியில் 5 கிலோமீற்றரில் தொடங்கிப் 15க்கு வாருங்கள். 9 மணிக்குப் பிறகு தார் சுடும். வெறுங்கால்காரர் அந்த நேரத்தில் வீதியோர மண்ணில் இறங்கி நடக்கப் பார்ப்பார், அங்கே நெருஞ்சியும் உடைமுள்ளும் காத்திருக்கும். சீனி வருத்தம் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. அவர்களுக்குக் காலில் உணர்வு குறைவு, முள் ஏறியதும் கொப்பளம் போட்டதும் தெரியாது. தெரியும்போது புண் அழுகியிருக்கும்.

செருப்புப் போடுபவர்கள் புதிதாக வாங்கிய செருப்போடு வராதீர்கள். இறப்பர் பாட்டாச் செருப்பு விரலிடுக்கை அறுக்கும். பின்பக்கம் வார் உள்ள, ஒரு மாதம் போட்டுப் பழகிய செருப்புத்தான் நல்லது. வெள்ளன விரலிடுக்கிலும் குதிக்காலிலும் வசிலின் பூசுங்கள். தொடையிடுக்கு உரசலுக்கும் அதுவே. வேட்டிக்குள் முழங்கால் வரை வரும் பருத்திக் காற்சட்டை போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஓரிடத்தில் சூடாக, சுருக்கென்று தோன்றினால் அப்போதே நின்று பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். "அடுத்த கோயிலில் பார்ப்போம்" என்று நடந்தால் அது கொப்பளமாகும். சிறிய கொப்பளத்தை உடைக்காதீர்கள். நடக்க முடியாத அளவு பெரிதென்றால், ஊசியை நெருப்பில் பிடித்து ஆறவிட்டு, ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் மருந்து போட்டுக் கட்டுங்கள். நூலைக் கோத்து உள்ளே விடும் பழக்கம் உண்டு. அழுக்கு நூல் வழியாகவே உள்ளே போகும், வேண்டாம். ஏற்பு ஊசி போட்டு எவ்வளவு காலம் என்று பார்த்துத் தேவையென்றால் வெளிக்கிட முன்பே போடுங்கள். காலில் வெடிப்போ காயமோ இருக்கும்போது குளம், வயல் தண்ணீரில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். காயமில்லாதவர்களும் ஊராட்கள் குளிக்கும் படித்துறையில் மட்டும் இறங்குங்கள், முதலை இல்லாத குளம் இங்கே குறைவு.

சாமான்

சாமான் கொண்டுவர ஒரு லாண்ட்மாஸ்டர் (பெட்டி பூட்டிய இரண்டு சில்லு உழவு மெசின்) இருந்தால் பெரும் உதவி. ஆனால் லாண்ட்மாஸ்டர்க்காரர் பொதுவாகச் செய்வது, விடிய ஒரே ஓட்டமாக ஓடி இரவு தங்கும் இடத்தில் போய்ப் படுத்துவிடுவது. தண்ணீர்க் கான் அங்கே, தாகம் இங்கே. ஒவ்வொரு 4 கிலோமீற்றருக்கும் நின்று, கடைசி ஆள் வந்து குடித்த பிறகே நகர வேண்டும் என்று கூலி பேசும்போதே சொல்லிவிடுங்கள். வாகனம் இல்லாத குழுவில் முதுகுச்சுமை தண்ணீரில்லாமல் 6 கிலோவைத் தாண்டக் கூடாது. இரண்டு மாற்றுடுப்பு, ஒரு சாரம், சால்வை, மெல்லிய பாய், நுளம்பு வலை, படங்குத் துண்டு, ரோச் லைற், மருந்து, அடையாள அட்டை, இவ்வளவுதான். அடையாள அட்டையைப் போட்டோப் பிரதியாக இல்லாமல் அசலாகவே கொண்டுவாருங்கள், சோதனையில் பிரதி செல்லாமல் போகலாம். குட்டைத் தடியைவிட நெஞ்சளவுத் தடி நல்லது. நாய்க்கும் மணலுக்கும் பாலத்துக்கும் உதவும். தொலைபேசிச் சமிக்ஞை காட்டில் விட்டுவிட்டுத்தான் வரும், குழுவில் இரண்டு கம்பனி சிம் இருக்கட்டும்.

தங்குவதும் படுப்பதும்

கோயில் மடம், பொதுநோக்கு மண்டபம், சனசமூக நிலையம், முன்பள்ளி. திறப்பு யாரிடம் என்பதுதான் கேள்வி. ஒரு மாதம் முன்பு ஒருவர் மோட்டார் சைக்கிளில் முழு வழியையும் ஓடி, ஒவ்வொரு இடத்திலும் கோயில் நிர்வாக சபைத் தலைவரையோ ஐயரையோ கிராம அலுவலரையோ நேரில் கண்டு வரவேண்டும். போனில் "வாங்கோ, வாங்கோ" என்பார்கள். வரும் நாளில் அவர் கலியாண வீட்டில் இருப்பார். இரண்டு நாள் முன்பு ஒரு தடவை, காலையில் ஒரு தடவை என்று திரும்ப ஞாபகப்படுத்துங்கள். எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், சாப்பாடு வேண்டுமா வேண்டாமா என்று தெளிவாகச் சொல்லுங்கள். பல வீடுகளில் இல்லாததிலிருந்துதான் அன்னதானம் தருகிறார்கள். பத்துப் பேர் என்று சொல்லிவிட்டு இருபது பேராகப் போய் இறங்குவது அவர்களுக்குச் செய்யும் பாவம். அரிசி, பருப்பைக் கொடுத்துச் சமைக்கச் சொல்வது நல்ல வழக்கம்.

நிலத்தில் படுப்பவரை இரவில் கடிப்பது பெரும்பாலும் எட்டடி விரியன். கடி நோகாது, தடம் தெரியாது. விடிய வயிற்றுவலி, கண்மடல் தொங்கல் என்று தொடங்கும்போதுதான் சந்தேகம் வரும். அதனால் நுளம்பு வலையை நான்கு பக்கமும் பாய்க்குக் கீழே செருகிப் படுங்கள். கரையோர மணலில் சுருட்டை விரியன் உண்டு, இரவில் வெளிச்சமில்லாமல் கால் வைக்காதீர்கள். கடித்தால் வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கடிபட்ட காலை அசைக்காமல் 1990க்கு அழையுங்கள், இலவச அம்புலன்ஸ். புதுக்குடியிருப்பிலும் முல்லைத்தீவு மாஞ்சோலையிலும் ஆஸ்பத்திரி உண்டு. பாம்பைத் தேடிப் பிடிக்கப் போனவரும் கடிபட்டுச் சேர்ந்து போவது அடிக்கடி நடப்பதுதான்.

சாப்பாட்டுக்குப் பெரிய திட்டம் தேவையில்லை. காலையில் கஞ்சி, மத்தியானம் சோறும் பருப்பும், இடையில் அவல், பேரீச்சம்பழம். வாழைப்பழமும் உப்பும் அரிசியும் தலைமாட்டில் வைத்துப் படுக்க வேண்டாம், யானை மணந்து வரும்.

முல்லைத்தீவிலிருந்து கீழே

ஏ-35 வழியில் தொடர்ந்து வருபவர்கள் முல்லைத்தீவுக்கு முன் வட்டுவாகல் பாலத்தைக் கடக்க வேண்டும். நந்திக்கடல் கடலோடு சேரும் இடம். பழைய பாலம் ஒடுங்கியது, தாழ்ந்தது. பஸ் வந்தால் ஒதுங்க இடமில்லை. ஒற்றை வரிசையில், இரண்டு முனையிலும் ஒருவர் சிவப்புத் துணியோடு நின்று வாகனத்தை மறித்துக் கடவுங்கள்.

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் 40 கிலோமீற்றருக்குக் கிட்ட. சிலாவத்தை, அளம்பில், செம்மலை வரை ஊர் உண்டு. குமுழமுனைப் பக்கம் உள்ளே விலகினால் கொட்டுக்கிணற்றுப் பிள்ளையார். செம்மலை தாண்டி நாயாற்றுக்கு அங்கால்தான் இந்த வழியின் உண்மையான சோதனை. கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய் ஆகிய ஊர்களின் சனம் 1984இல் இடம்பெயர்ந்து, போருக்குப் பிறகே திரும்பி வந்தது. அதனால்தான் வீடுகள் தூரத்தூர நிற்கின்றன. தூர்ந்த கிணறுகளும் உண்டு. கான் நான்கையும் அளம்பிலில் நிரப்பிக்கொள்ளுங்கள், நாயாறு வரை பாவிக்காமல் வைத்திருங்கள். நாயாற்றுப் பாலம் மாரி வெள்ளத்துக்குப் பிறகு என்ன நிலையில் இருக்கிறது என்றும் முன்கூட்டியே கேளுங்கள்.

இந்தத் துண்டை ஒரே நாளில் முடிக்க நினைக்காமல் மூன்றாகப் பிரியுங்கள்: அளம்பில் ஒரு இரவு, கொக்குத்தொடுவாய் ஒரு இரவு, பிறகு கொக்கிளாய். வீதி சலித்தால் கடற்கரையில் இறங்கி நடக்கலாம். அலை வந்து போகும் ஈரக்கோட்டில் மணல் இறுகியிருக்கும். ஆனால் கரை சரிவானது, ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழுவதால் இரண்டு மணித்தியாலத்தில் இடுப்பு நோகத் தொடங்கும். கரைவலை இழுக்கும் இடத்தில் கயிற்றைத் தாண்டாமல் சுற்றிப் போங்கள். மீனவர் வாடிகளில் கேட்டால் நிழலும் தேத்தண்ணியும் கிடைக்கும்.

கொக்கிளாயில் முகத்துவாரத்தைப் படகில் கடந்தால் புல்மோட்டைப் பக்கம். வரண்ட காலத்தில் மணல்திட்டு எழுந்து தண்ணீர் குறைவாகத் தெரியும், நடந்தே போகலாம் போலிருக்கும். நீரோட்டம் வாய்க்கால் போல ஓரிடத்தில் ஆழமாக வெட்டியிருக்கும். அந்த இடம் கிழமைக்குக் கிழமை மாறும். படகுக்கு முதல் நாள் பின்னேரமே சொல்லி வைத்து, காற்று எழும்ப முன் விடிய 7 மணிக்குள் கடவுங்கள். ஒரு படகுக்கு எத்தனை பேர் என்பதை ஓட்டி சொல்லட்டும். வேலாயுதத்தைக் கொண்டுபோகிறவர் முதல் படகில், குழுவைப் பொறுப்பெடுத்தவர் கடைசிப் படகில்.